பாண்டியன் எழுதிக் கொடுத்த பத்திரம்

குற்றாலம் என்றவுடன் எல்லோருக்கும் அருவிதான் நினைவுக்கு வரும். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக் காற்று மலையில் மோதிச் சாரல் தூவத் தொடங்கிவிட்டால், வேலையை ஒத்திவைத்துவிட்டு, எண்ணெய்க் கிண்ணமும் துண்டுமாக ஜனங்கள் வந்து குவிகிறார்கள். அருவியில் தலையைக் கொடுத்த மாத்திரத்தில் உத்தியோகம், வியாபாரம், வழக்கு, கடன் எல்லாம் மறந்து போகின்றன. ஓய்வு என்ற சொல்லுக்கு ஊர் ஒன்று உண்டானால் அது குற்றாலந்தான்.

அப்படிப்பட்ட இடத்தில் சாவைப் பற்றிய பேச்சு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனால், தமிழ்நாட்டில் மரணத்தைப் பற்றிப் பிறந்த பாடல்களுள் மறக்க முடியாத சில, குற்றாலத்தையும் அதற்கு மூன்று மைல் தூரத்திலுள்ள தென்காசியையும் பற்றியவை. ஓய்வுக்குப் போகும் ஊரில் கடைசி ஓய்வைப் பற்றிக் கவிஞர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பார்ப்பதில் பிழை இல்லை அல்லவா? அந்தப் பாடல்களைச் சேர்த்துப் படித்தால், மனிதன் செய்யும் வேலைக்கும், அவன் அடையும் ஓய்வுக்கும், ‘நான்’ என்று அவன் சொல்லிக்கொள்வதற்கும் உள்ள தொடர்பு நன்றாக விளங்குகிறது.

பிறருக்கு உள்ள வேலை

முதலில், பட்டினத்தார் பெயரால் வழங்கும் ஒரு சிறு வெண்பாவை எடுத்துக்கொள்வோம். தமிழ் படித்த குடும்பங்களில் பாட்டிமாருக்குக்கூட அது மனப்பாடம். யமன் வந்து சேர்வதிலிருந்து ஊரார் தீ மூட்டுவது வரையில், சாவு வீட்டில் நடப்பதையெல்லாம் நடக்கிற வரிசையிலேயே அந்தப் பாட்டு எண்ணிக்கொண்டு போகிறது. பார்வை மங்குகிறது, வாயில் வார்த்த பால் உள்ளே இறங்க மறுக்கிறது, சுற்றத்தார் மேலே விழுந்து புலம்புகிறார்கள். இவையெல்லாம் நேர்வதற்கு முன்பு குற்றாலநாதன் பெயரைச் சொல்லிவிடு என்று பாட்டு முடிகிறது.

அந்த வரிசையைச் சற்றுக் கவனிக்க வேண்டும். வருவது யமன் வேலை. அழுவது உற்றார் வேலை. சுடுவது ஊரார் வேலை. கண் மங்குவதும் பால் வழிவதும் உடம்பு தானாகவே செய்துகொள்ளும் காரியங்கள். சாகிறவனுக்கென்று அங்கே ஒரு வேலையும் கிடையாது. வாழ்நாள் முழுவதும் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தவனைச் சுற்றி எல்லோரும் வேலை செய்கிறார்கள். அவன் ஒருவன் மட்டும் சும்மா கிடக்கிறான். அவனுக்கு உரிய ஒரே ஒரு வினையைக் கவிஞர் பாட்டின் கடைசிச் சொல்லாக வைத்திருக்கிறார். அதுவும் இப்பொழுதே செய்ய வேண்டியது. பிறகு செய்யலாம் என்று ஒத்திவைத்தால், பிறகு என்பதில் அவனுக்குப் பங்கு இல்லை.

பட்டினத்தார் துறவு பூணுவதற்கு முன்பு பெரிய வணிகர் என்பது வரலாறு. கப்பல் வாணிகம் செய்து, பொருளைக் கணக்கிட்டுக் கணக்கிட்டுப் பழகிய கை. காதில்லாத ஊசி ஒன்று அவருடைய கணக்கு முழுவதையும் தள்ளுபடி செய்துவிட்டதாகச் சொல்வார்கள். அந்த வணிகரின் பழக்கந்தான் வெண்பாவிலும் தெரிகிறது. தவணை எப்போது முடிகிறது, அதற்குள் தீர்க்க வேண்டிய பாக்கி எது என்பதை அவர் ஒரு பேரேட்டைப் போல எழுதி வைத்திருக்கிறார். விட்டுவந்த தொழில் பாட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

பெயரை வேண்டாம் என்றவர்

அடுத்தது மாணிக்கவாசகர். திருவாசகத்தில் ‘திருப்புலம்பல்’ என்ற பகுதி மூன்றே பாட்டுக்கள் கொண்டது. அவற்றில் ஒன்று குற்றாலத்துக் கூத்தனை நோக்கிச் சொல்லியது. சுற்றத்தார் வேண்டாம், ஊர் வேண்டாம், பேரும் வேண்டாம், கற்றவர்களுடைய கூட்டமும் வேண்டாம், இனிக் கற்க வேண்டியதும் இல்லை என்று அடுக்கிக்கொண்டு போகிறார். கன்றை ஈன்ற பசுவின் மனம் கன்றுக்காக உருகுவதுபோல் உருகும் உள்ளம் ஒன்று மட்டும் போதும் என்கிறார்.

இதைச் சொன்னவர் யார் என்பதை நினைத்துப் பார்த்தால்தான் பாட்டின் கனம் தெரியும். பாண்டியனிடம் மந்திரியாக இருந்தவர் அவர். ‘தென்னவன் பிரமராயன்’ என்று அரசன் கொடுத்த பட்டம் அவருக்கு இருந்தது. பிறந்தது திருவாதவூர் ஆகையால் வாதவூரர் என்றும் அழைத்தார்கள். ஊரும் பேரும் பட்டமும் கல்வியும் குறைவில்லாமல் பெற்ற ஒருவர்தான் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கிறார். இல்லாதவன் ‘வேண்டாம்’ என்று சொல்வதற்கும், இருக்கிறவன் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு.

உடம்பு விழுவதைப் பற்றிய பாட்டு இது அன்று என்று யாரேனும் சொல்லலாம். வாஸ்தவந்தான். ஆனாலும் சாவு வந்து நம்மிடமிருந்து பறித்துக்கொள்ளும் பொருள்கள் எவை என்று ஒரு ஜாபிதா எழுதினால், சுற்றம், ஊர், பேர், படிப்பு என்று இதே வரிசைதான் அமையும். சாவு பறிக்கப்போவதை அது வருவதற்கு முன்பே கொடுத்துத் தீர்த்துவிட்டு, அதன் பிறகும் மிஞ்சுவது எதுவோ அதை மட்டும் ‘நான்’ என்று வைத்துக்கொள்கிறார் வாதவூரர். ஒரு வேடிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். பேர் வேண்டாம் என்றவருக்கு உலகம் ‘மாணிக்கவாசகர்’ என்று பேர் வைத்துவிட்டது. அது அவர் வகித்த பதவியைக் குறிக்கவில்லை. பிறந்த ஊரையும் குறிக்கவில்லை. அவர் சொன்ன சொல்லைக் குறிக்கிறது.

காசிக்குப் போக முடியாதவர்களுக்காக

குற்றாலத்து மலையில் பிறந்த சிற்றாறு தென்காசி வழியாகத்தான் ஓடுகிறது. அதன் கரையில் காசி விசுவநாதர் கோவிலைக் கட்டியவன் பராக்கிரம பாண்டியன். 1422 முதல் 1463 வரை அரசாண்டவன். மதுரை கைநழுவிப்போன பிறகு தெற்கே ஒதுங்கிய பாண்டிய மரபைச் சேர்ந்தவன். கோவில் பிறந்த கதையே மரணத்தோடு சம்பந்தப்பட்டது. காசியில் இறந்தால் முக்தி என்று நம்பித் தென்னாட்டார் பலர் யாத்திரை புறப்பட்டு, போய்ச் சேராமல் வழியிலேயே மாண்டுபோனார்களாம். ஆகையால் விசுவநாதர் அரசனுடைய கனவில் தோன்றி, ‘இங்கேயே எனக்குக் கோவில் எடு, எறும்புச் சாரை சென்று முடியும் இடத்தைப் பார்’ என்று சொன்னாராம். ஸ்தலத்தார் சொல்லும் கதை இது. உலகத்திலேயே ஓயாமல் வேலை செய்யும் ஜீவனை அரசனுக்கு வழிகாட்டியாக வைத்த கற்பனை நன்றாகத்தான் இருக்கிறது.

1446-ஆம் ஆண்டில் திருப்பணி தொடங்கியது. சுமார் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு ராஜகோபுரத்துக்கு அடியிட்டார்கள். 1463-ல் அரசன் காலமானான். மிச்சமிருந்த வேலையை அவன் தம்பி குலசேகர பாண்டியன் ஏற்று நடத்தினான்.

கோவிலில் பாண்டியன் பெயரால் சில தமிழ்ப் பாடல்கள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. சாதாரணமாக அரசர்களுடைய கல்வெட்டு எப்படித் தொடங்கும் என்பது நமக்குத் தெரியும். எத்தனை நாடு பிடித்தான், எத்தனை யானை கொண்டான், எந்த எந்த மன்னன் தலையைத் தாழ்த்தினான் என்று மெய்க்கீர்த்தி முழங்கும். தென்காசிப் பாடல்களோ வேறு விதமானவை. இந்த ஆலயம் தெய்வச் செயலால் அமைந்தது, தன் செயல் அன்று என்று ஒரு பாட்டில் சொல்கிறான். இதை மேலும் விரிவாக்கிக் காப்பாற்றுகிறவர்கள் அடியில் விழுந்து ஏவல் செய்வதாக அதிலேயே வாக்குக் கொடுக்கிறான். இன்னொரு பாட்டில், வருங்காலத்தில் கோவிலுக்கு ஒரு குறை நேர்ந்தால் அதைப் போக்கிக் காப்பவர் எவராயிருந்தாலும் அவரை உலகறியப் பணிந்துவிட்டதாகச் சொல்கிறான்.

‘எவராயிருந்தாலும்’ என்ற கருத்தை நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும். தன் மகன், தன் குலம், தன் மரபு என்று அவன் எல்லை கட்டவில்லை. தன்னுடைய மரபு நெடுங்காலம் நிலைக்காது என்பதை மதுரையை இழந்த குடும்பத்தில் பிறந்தவனுக்கு ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, தன் வேலையை யாரோ ஒரு பெயர் தெரியாத மனிதன் கையில் ஒப்படைக்கிறான். அந்த மனிதன் பிறப்பதற்கு முன்பே அவன் காலில் விழுந்து வைக்கிறான்.

ஆனால், ‘என் செயல் அன்று’ என்று சொல்கிறவன் பாட்டின் ஈற்றில் ‘பராக்கிரம பாண்டியன்’ என்று தன் பெயரைப் பொறித்திருக்கிறானே, அது என்ன என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. மெய்க்கீர்த்தியில் வரும் பெயர் சொத்துக்கு உரிமை கொண்டாடும் பெயர். கடன் பத்திரத்தின் அடியில் எழுதும் பெயர் வேறு. அது பொறுப்பை ஏற்றுக்கொள்ளும் கையெழுத்து. பாண்டியன் கல்லில் எழுதிக் கொடுத்தது இந்த இரண்டாவது வகைப் பத்திரம் என்றே நமக்குத் தோன்றுகிறது. பணிகிறவன் யார் என்று தெரியாவிட்டால் பணிவுக்கு மதிப்பு ஏது? கட்டியவன் என்று சொல்லிக்கொள்ளக் கூசியவன், கடன்பட்டவன் என்று சொல்லிக்கொள்ளக் கூசவில்லை.

எங்கே போனான்?

அரசன் இறந்தபோது பிறந்த பாட்டும் அதே கோவிலில் இருக்கிறது. அது முழுவதும் ஒரே கேள்வி. பராக்கிரம பாண்டியன் எங்கே போய்ச் சேர்ந்தான்? அறுபத்து மூன்று நாயன்மாருடைய கூட்டத்துக்கா, கயிலை மலைக்கா, தில்லைப் பொன்னம்பலத்துக்கா, வேதத்துக்குள்ளா, சிவலோகத்துக்கா, அல்லது விசுவநாதருடைய திருவடிக்கேயா? பாட்டு பதில் சொல்லாமல் முடிந்துவிடுகிறது.

அரசர்கள் இறந்தால் வீர சுவர்க்கம் அடைந்தார்கள் என்று பாடுவது பழைய வழக்கம். இந்தக் கவிஞரோ வாளையும் சிங்காதனத்தையும் அடியோடு மறந்துவிட்டார். அவர் முதலாவதாக நினைத்த இடம் நாயன்மாருடைய கூட்டம். அந்தக் கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள்? பானை வனையும் திருநீலகண்டர் இருக்கிறார். மீன் பிடிக்கும் அதிபத்தர் இருக்கிறார். துணி வெளுக்கும் திருக்குறிப்புத் தொண்டர், ஆடை நெய்யும் நேசர், செக்காட்டும் கலியர், மாடு மேய்க்கும் ஆனாயர், வேட்டையாடும் கண்ணப்பர் எல்லோரும் இருக்கிறார்கள். இப்படிப் பலருடைய பெயர்களைச் சொல்லும்போதே அவர்களுடைய தொழிலையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். பதினேழு ஆண்டுகள் கல்லோடும் சுண்ணாம்போடும் பாடுபட்ட அரசனை, உழைப்பாளிகள் நடுவே ஓரிடம் காட்டி உட்கார வைக்கிறது அந்தப் பாட்டு. அவன் அடைந்த கதி அவன் செய்த வேலையின் சாயலாகவே இருக்கிறது.

இது தமிழுக்குப் பழைய பழக்கம். சோழன் கிள்ளிவளவன் மாண்டபோது ஐயூர் முடவனார் பாடிய புறநானூற்றுப் பாட்டு, ஒரு குயவனை நோக்கிப் பேசுகிறது. இவ்வளவு பெரிய புகழுடையவனை அடக்க எவ்வளவு பெரிய தாழி வனைவாய், உன்னால் முடியுமா என்று அவனுக்காகப் பரிதாபப்படுகிறது. சாவில்கூட வேலை செய்ய வேண்டிய ஒருவனைத் தேடிப் பிடித்து அவனிடம் துக்கத்தைச் சொல்கிறார் புலவர். சிற்றாறு சென்று சேரும் தாமிரபரணியின் கரையில் ஆதிச்சநல்லூர் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்ஸாந்தர் ரே அங்கே அகழ்ந்தபோது, அப்படிப்பட்ட தாழிகள் வெளிவந்தன. அவற்றோடு இரும்புக் கருவிகளும் ஆயுதங்களும் பொன் நெற்றிப் பட்டங்களும் கிடைத்தன. இறந்தவனோடு அவன் கருவியையும் வைத்து அனுப்பினார்கள் நம் முன்னோர். வேலையைப் பிரித்துவிட்டு மனிதனை மட்டும் அனுப்ப அவர்களுக்கு மனம் வரவில்லை போலும்!

இளைப்பாறுதல்

சரி, ஓய்வைப் பற்றி என்ன? ஸ்காத்லாந்து நாட்டு எழுத்தாளர் ஸ்டீவன்ஸன் தம் கல்லறைக்கென்று தாமே ஒரு சிறு கவி எழுதி வைத்தார். வேலை முடித்து வீடு திரும்பும் மாலுமியோடும் வேட்டைக்காரனோடும் தம்மை ஒப்பிட்டுக்கொண்ட கவி அது. 1894-ல் அவர் பஸிபிக் சமுத்திரத்திலுள்ள ஸமோவாத் தீவில் இறந்தபோது, அங்கே மலைமேலுள்ள சமாதியில் அதைப் பொறித்தார்கள். ஜப்பானியக் கவி பாஷோவோ வேறு மாதிரி. 1694-ல் ஓஸாகாவில் நோயுற்றுக் கிடந்தபோது அவர் சொல்லிய பாட்டில், உடம்பு படுத்திருக்கிறது, கனவு மட்டும் காய்ந்த வயல்வெளிகளில் அலைந்துகொண்டே இருக்கிறது. ஒருவருக்குச் சாவு வீடு திரும்புதல். மற்றவருக்கு அது யாத்திரையின் தொடர்ச்சி. அவரவர் வாழ்ந்த வாழ்க்கைதான் அவரவர் கடைசிப் பாட்டு.

நம்முடைய திருவள்ளுவர் 339-ஆவது குறளில் சாவைத் தூக்கத்தோடும் பிறப்பை விழிப்போடும் ஒப்பிட்டார். திருநெல்வேலிச் சீமையிலுள்ள கிறிஸ்தவக் கல்லறைகளில் ‘நித்திரையடைந்தார்’ என்று எழுதும் வழக்கம் உண்டு. மரித்தவர்கள் உழைப்பிலிருந்து இளைப்பாறுவார்கள், அவர்களுடைய செய்கைகள் பின்தொடர்ந்து செல்லும் என்பது அவர்கள் வேதம் கூறும் ஆறுதல். யாழ்ப்பாணத் தமிழர்கள் உத்தியோகத்திலிருந்து விலகியவரை ‘இளைப்பாறியவர்’ என்றே சொல்கிறார்கள். வேலை விடும் ஓய்வுக்கும் உயிர் விடும் ஓய்வுக்கும் இடையில் நம் மொழி பெரிய சுவர் எழுப்பவில்லை.

இந்த இரண்டு ஓய்வுக்கும் சேர்த்து ஒரு நல்ல உதாரணம் தென்காசியே கொடுத்திருக்கிறது. தக்கலை பீர் முகம்மது அப்பா பிறந்த ஊர் தென்காசி. தொழில் நெசவு; உள்ளம் மெய்ஞ்ஞானத்தில். அவர் இயற்றிய ‘ஞானப் புகழ்ச்சி’யைத் தக்கலையில் அவருடைய நினைவு நாள் விழாவில் ஆண்டுதோறும் இரவெல்லாம் கூடியிருந்து பாடுகிறார்கள். நெய்தவர் இளைப்பாறிவிட்டார், நெய்தது மட்டும் விடிய விடிய விழித்திருக்கிறது.

நம்முடைய கடன்

இன்று தென்காசியிலும் சுற்றுப்புறத்திலும் தெருச் சுவர்களைப் பார்த்தால், ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற தலைப்புடன் சுவரொட்டிகள் ஒட்டியிருக்கக் காணலாம். இறந்தவருடைய படமும் பெயரும், அதன் கீழே ‘ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர்’ என்றோ ‘ஓய்வு, மின்வாரியம்’ என்றோ ஒரு வரியும் இருக்கும். அதைக் கண்டு யாரும் நகைக்க வேண்டாம். முப்பது, நாற்பது ஆண்டுகள் ஒருவர் செய்த வேலையை, அவர் போன அன்றைக்கு நினைவுகூர்வது மரியாதைதான். ஆனால் அந்த ஒரு வரியோடு நாம் நிறுத்திக்கொண்டுவிடுகிறோம். பழைய ஒப்பாரிக்காரி நிறுத்தமாட்டாள். இறந்தவர் யாருக்கு என்ன கொடுத்தார், யார் வீட்டு விசேஷத்தில் முன்னின்றார், எந்த மரத்தை நட்டார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அழுவாள். பதவியின் பெயர் ஓய்வு பெற்ற நாளிலேயே வேறொருவருக்குப் போய்விட்டது. நட்ட மரம் இன்னும் அவர் பெயரைச் சொல்கிறது.

நம் வீடுகளில் ஒரு பெரியவர் மறைந்தால், ‘அவர் என்ன உத்தியோகம் பார்த்தார்’ என்பதோடு, ‘அவர் பாதியில் விட்ட வேலை எது, அதை எடுத்துச் செய்ய யார் இருக்கிறார்கள்’ என்றும் கேட்பது நல்லது. பாண்டியன் பாட்டு நமக்குச் சொல்லித் தரும் துக்கம் விசாரிக்கும் முறை இதுதான்.

அந்தப் பாட்டு வீண் போகவில்லை என்பதற்குக் கோபுரமே சாட்சி. தென்காசிக் கோபுரத்தின் மேல்நிலைகள் பிற்காலத்தில் அழிந்து, பிளவுபட்ட அடிப்பகுதி மட்டும் நெடுங்காலம் மொட்டையாக நின்றது. இருபதாம் நூற்றாண்டில் பா. சிவந்தி ஆதித்தன் முன்னின்று நடத்திய திருப்பணியில் ஒன்பது நிலைகளும் எழும்பி, 1990-ல் குடமுழுக்கு நடந்தது. ஏறத்தாழ 180 அடி உயரமுள்ள அந்தக் கோபுரம் இன்று மலைப்பின்னணியில் வெகுதூரத்துக்குத் தெரிகிறது. பாண்டியன் இறந்து 527 ஆண்டுகளுக்குப் பிறகு, அவன் முன்கூட்டியே வணங்கி வைத்த ‘எவராயிருந்தாலும்’ என்ற மனிதர்கள் வந்து சேர்ந்தார்கள். சாரம் கட்டியவர், சுதை பூசியவர், செங்கல் சுமந்தவர் அத்தனை பேருக்கும் அந்த வணக்கத்தில் பங்கு உண்டு.

கோபுரம் எழும்பிவிட்டது, கல்வெட்டுகளைக் காப்பாற்றும் வேலை மிச்சம் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கோவில்கள் பலவற்றில் சுண்ணாம்பு பூசியும், மணலை வேகமாக வீசிக் கல்லைச் சுத்தம் செய்தும் எழுத்துக்களைத் தேய்த்துவிட்டார்கள். அடுத்த சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போகும் நேயர்கள், அருவிக்கு ஓடுவதற்கு முன் தென்காசியில் ஒரு மணி நேரம் தங்கலாம். குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு போய், கல்லில் உள்ள எழுத்துக்களைக் கூட்டிப் படிக்கச் சொல்லலாம். எண்ணெய்க் கையால் தடவாமல், கற்பூரம் ஏற்றிக் கரியாக்காமல் பார்த்துக்கொள்ளலாம். கோவிலுக்கு நேரும் குறையைப் போக்குகிறவர் எவராயிருந்தாலும் பணிவேன் என்று பாண்டியன் சொன்னதில் இந்தச் சிறிய வேலையும் அடக்கம்.